எழுபத்தொன்று

பதினான்கு வருடமாக
அந்த அறையில் தட்டச்சு என் வேலை.
ஸ்லோவாக்கியாவின் கிழக்கு மூலையில் ஒரு மலையடிவார ஊர்,
ஏப்ரலிலும் ஜன்னல் விளிம்பில் பனி கிடக்கும்.
ஆறு வயதுக் குழந்தைகள் வருவார்கள்.
உளவியலாளர் அட்டைகளைக் காட்டுவார்,
அவர் சொல்வதை நான் அடிப்பேன்.

மரத்தைக் காட்டினார். 'ருக்' என்றாள் ரெனாட்டா.
வீட்டைக் காட்டினார். 'கேர்' என்றாள்.
பால் குவளைக்கு 'தூத்' என்று
உதட்டை நக்கிக்கொண்டே சிரித்தாள்.
பதில் இல்லை
பதில் இல்லை
பதில் இல்லை
சொல்லச் சொல்ல அடித்தேன்.
ரோமா மொழி எனக்குத் தெரியாது.
அவள் வாய் திறந்தது தெரியும்.

மொத்தம் எழுபத்தொன்று.
'லேசான மனவளர்ச்சிக் குறைவு. சிறப்புப் பள்ளிக்குப் பரிந்துரை.'
இந்த வரிக்கு என் விரல்கள் எழுத்தைத் தேடுவதில்லை,
பல் துலக்கும் கைபோல அது தானே போகும்.

அதே வாரம் மருந்துக்கடைக்காரரின் மகன்.
அவனும் எழுபத்தொன்று.
'கூச்ச சுபாவம். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை போலும்.
அடுத்த வருடம் மீண்டும் பார்க்கலாம்.'
அதையும் நான்தான் அடித்தேன்.
ஒரே காகிதக் கட்டு, ஒரே மை.

யாரும் யாரையும் திட்டவில்லை.
உளவியலாளர் நல்ல மனுஷர்,
மேஜை இழுப்பறையில் எலுமிச்சை மிட்டாய் வைத்திருப்பார்,
இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.
அதைத்தான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட வந்தாள் அரங்கா தூன்கோவா.
புள்ளிக்கோட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன்.
"இந்த வரி எனக்குத் தெரியும்" என்றாள்.
"எனக்கும் எழுதினார்கள். ஒன்பது வருடம் அந்தப் பள்ளியில்
உருளைக்கிழங்கு உரித்தோம், அட்டைப்பெட்டி ஒட்டினோம்.
நூறோடு கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.
நூற்றொன்றைக்
கடன்காரன் சொல்லிக்கொடுத்தான்."

'சம்மதம்' என்று அச்சடித்திருந்த இடத்தில்
அதை ஒட்டியே 'இல்லை' என்று எழுதினாள்,
அடித்தாள் வரை பதியும்படி அழுத்தி.
அந்தச் சொல்லை அந்த அறையில்
என்னைத் தவிர இன்னொருவர் எழுதி
அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபிறகு
அலமாரியைத் திறந்தேன்.
பெயர்களை வெற்றுத்தாளால் மறைத்து
எண்ணும் அதன் கீழுள்ள வரியும் மட்டும் தெரிய
மூன்று வருடத்து ஃபைல்களை நகலெடுத்தேன்.
இயந்திரம் சூடாகி இருமுறை நின்றது.
ஒரே எண்ணுக்கு இரண்டு வரிகள்,
பக்கம் பக்கமாக.

அரங்கா நன்றி சொல்லவில்லை.
"இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்றாள்.
பக்கத்து மேஜையில்தான் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

பதினொரு தாய்மார்கள், நான்கு தள்ளுவண்டிகள்,
கல்வி அலுவலகத்தின் வழுக்கும் படிக்கட்டு.
அதிகாரி மூன்றுமுறை தேதியைத் தள்ளிவைத்தார்.
மூன்றுமுறையும் வந்தார்கள்,
நகல்களைப் பால் பாட்டில்களோடு பையில் போட்டுக்கொண்டு.

ஆகஸ்டில் ரோமா மொழி பேசும் ஒருத்தி வந்து
அதே அட்டைகளைக் காட்டினாள்.
நூற்றுநான்கு.
கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.
எழுபத்தொன்றாகவே இருந்திருந்தாலும்
அந்தப் பையனுக்குக் கிடைத்த ஜன்னலோர இருக்கை
இவளுக்கும் உண்டுதானே.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது,
இரண்டு எழுத்துப்பிழைகளோடு.
என் இடத்தில் இப்போது யாரோ புதியவர்.

ரெனாட்டா வந்ததும்
மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின.
ஆசிரியை வகுப்பிலுள்ள பொருட்கள் மேல்
இரண்டு மொழியிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறாள்.
வாரம் ஒன்றாவது கிழிகிறது,
எப்போதும் ஒரு பக்கம் மட்டும்.

போன திங்கள் கதவுச் சீட்டு போயிருந்தது.
புதன்கிழமை அந்த வழியாகப் போகையில் எட்டிப் பார்த்தேன்.
'வுதர்' என்று புதிதாக ஒட்டியிருந்தது,
குழந்தைக் கையெழுத்து,
ஓர் எழுத்து மட்டும் திரும்பி நின்றபடி.